இரத்தத்தின் விலையும் இறந்தோர்க்கான ஈடும்

நம் இறைமக்களுள் ஒருவர் பிறருடைய கவனக்குறைவால் மடிந்துபோனால், அது பேருந்து மோதியதாக இருப்பினும் பட்டாசு ஆலை வெடித்ததாக இருப்பினும், முப்பதாம் நாள் திருப்பலி நிறைவுறுவதற்குள் அந்த இல்லத்தில் ஒரு கேள்வி எழுந்தே தீரும். வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்கலாமா என்பதே அது. கேட்பவர் குரலில் தயக்கம் நிறைந்திருக்கும். "பெத்த பிள்ளைய வித்துத் தின்ன மாதிரி ஆயிடாதா சாமி?" என்று கேட்கும் அன்னையருக்கு மறுமொழி கூறப் பங்குத்தந்தையர் பலரும் தடுமாறுகின்றோம். உறவினருள் பக்தி மிகுந்த எவரேனும் ஒருவர் யூதாசின் முப்பது வெள்ளிக்காசுகளை நினைவூட்டிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். கைம்பெண் தையல் எந்திரத்தின் முன் அமர்வாள். மூத்த பிள்ளை பள்ளியை விட்டு நிற்பான். பேருந்தின் உரிமையாளர் மட்டும் எதையும் இழப்பதில்லை.

இத்தயக்கம் இழிவானதன்று. உயிருக்கு விலை இல்லை என்னும் உயர்ந்த உணர்விலிருந்தே அது பிறக்கிறது. ஆயினும் அவ்வுணர்வு வரலாற்றில் யாருக்குப் பயன்பட்டது என்பதை ஆராய்ந்து பார்த்தல் நம் கடமையாகும்.

முதலில் விவிலியத்தையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு நற்செய்தியின் இருபத்தேழாம் அதிகாரத்தில் யூதாசு காசுகளைக் கோவிலில் எறிந்துவிட்டுப் போகிறான். தலைமைக் குருக்கள் அவற்றை இரத்தத்தின் விலை என்று சொல்லிக் காணிக்கைப் பெட்டியில் சேர்க்க மறுக்கின்றனர். குயவன் நிலத்தை வாங்கி அந்நியரை அடக்கம் செய்ய ஒதுக்குகின்றனர். அந்தப் பணம் எதற்காகக் கைமாறியது? ஒருவரைச் சாவுக்குக் கையளிப்பதற்காக. கொடுத்தவர் சாவை விரும்பியவர், வாங்கியவர் காட்டிக்கொடுத்தவர். கணவனை இழந்த பெண் கேட்கும் ஈடோ, நேர்ந்துவிட்ட சாவுக்குக் காரணமானவர் பட்டிருக்கும் கடன். முன்னது சாவை வாங்கும் பணம். பின்னது சாவினால் விளைந்த பசிக்குப் பொறுப்பேற்கும் பணம். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது, குற்றவாளியின் கறையைத் துயருற்றவர் மேல் பூசுவதாகும்.

முப்பது என்ற அந்த எண்ணும் கருதத்தக்கது. விடுதலைப் பயண நூலின் இருபத்தொன்றாம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. ஒருவருடைய மாடு ஓர் அடிமையை முட்டிக் கொன்றால், மாட்டின் உரிமையாளர் அடிமையின் தலைவருக்கு முப்பது வெள்ளிச் செக்கேல் கொடுக்கவேண்டும். நம் ஆண்டவருக்குக் குறிக்கப்பட்ட விலை, மோசேயின் சட்டத்தில் அடிமையின் சாவுக்கு வைத்த இழப்பீட்டுத் தொகையே. ஆண்டவருக்கு இழைத்த அவமதிப்பு அந்தத் தொகையிலேயே அடங்கியிருக்கிறது.

அதே அதிகாரம் சுதந்திர மனிதரின் சாவையும் பேசுகிறது. முன்பு முட்டும் வழக்கமில்லாத மாடு முட்டினால் மாடு கல்லெறிந்து கொல்லப்படும், உரிமையாளர் குற்றமற்றவர். ஆனால் அந்த மாடு முட்டும் என்பது தெரிந்திருந்தும், எச்சரிக்கப்பட்டிருந்தும், அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் உரிமையாளரும் சாவுக்குரியவர். அவர் மீது ஈட்டுத்தொகை விதிக்கப்பட்டால் விதிக்கப்பட்ட முழுவதையும் செலுத்தவேண்டும். மாட்டுக்கு இரையானது மகனாயினும் மகளாயினும் சட்டம் ஒன்றே என்று அடுத்த வசனம் தெளிவுபடுத்துகிறது. இன்று தடுப்பு விசை பழுதான வண்டி என்று தெரிந்தும் சாலைக்கு அனுப்பும் முதலாளியை வழக்கறிஞர் எந்தக் கேள்விகளால் மடக்குவாரோ அவை அனைத்தும் அங்கே உள்ளன: உனக்குத் தெரியுமா, எச்சரித்தார்களா, என்ன செய்தாய்? எண்ணிக்கை நூல் முப்பத்தைந்தாம் அதிகாரமோ, வேண்டுமென்றே கொலை செய்தவனிடம் அவன் உயிருக்கு ஈடாகப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடக் கூடாது என்று தடுக்கிறது. கொலையைப் பணத்தால் மூடிமறைத்தல் தடை. கவனக்குறைவுக்குக் கணக்குக் கேட்டல் கட்டளை.

உரோமையர் வேறு வழியில் சென்றனர். அவர்களுடைய சட்டத்தில் அடிமை கொல்லப்பட்டால் அவனுக்கு ஓர் ஆண்டுக்குள் இருந்த மிக உயர்ந்த விலை தலைவருக்குக் கிடைக்கும். சுதந்திர மனிதனின் உடலுக்கு மதிப்பீடு கிடையாது என்பது அவர்களுடைய சட்ட அறிஞர் வகுத்த கோட்பாடு. கேட்பதற்கு எவ்வளவு மாண்பாக இருக்கிறது! விளைவோ, சுதந்திர மனிதன் கவனக்குறைவால் கொல்லப்பட்டால் அவன் மனைவி மக்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே. மாடி வீட்டிலிருந்து எறியப்பட்ட பொருள் தலையில் விழுந்து ஒருவர் இறந்தால் மட்டும் ஐம்பது பொற்காசு என்று தண்டம் வைத்திருந்தார்கள். நெருக்கமான தெருக்களின் தொல்லையே அதற்குக் காரணம் போலும்.

திருச்சபையின் அறநெறி இறையியல் இந்த மாண்புமிக்க வறட்சியில் நின்றுவிடவில்லை. பறித்த பொருளைத் திரும்பக் கொடுத்தல் பற்றி எழுதும்போது புனித தோமா அக்குவினாசு, இழந்த உறுப்பைப் போல எது திருப்பித் தர இயலாததோ அதற்கும் இயன்ற அளவு ஈடு செய்யவேண்டும், பணத்தாலோ மதிப்பாலோ அதைச் செய்யலாம், அளவை நேர்மையாளர் ஒருவர் தீர்மானிக்கட்டும் என்ற கருத்தை முன்வைக்கிறார். சமமாகக் கொடுக்க முடியாது என்பது ஒன்றுமே கொடாதிருப்பதற்குக் காரணமாகாது என்பதே இதன் சாரம். 1625இல் வெளிவந்த தம் பெரும் நூலில் ஹாலந்து நாட்டுச் சட்ட அறிஞர் ஹூகோ கிரோசியசு இன்னும் தெளிவாகச் சொன்னார். சுதந்திர மனிதனின் உயிருக்கு மதிப்பீடு இல்லைதான். ஆயினும் கொன்றவன் மருத்துவச் செலவையும், இறந்தவர் யாரைக் காப்பாற்றக் கடமைப்பட்டிருந்தாரோ அந்தப் பெற்றோர், மனைவி, மக்கள் ஆகியோருக்கு அந்த ஆதரவின் மதிப்பையும், இறந்தவரின் வயதைக் கணக்கிட்டுக் கொடுக்கவேண்டும். அவர் கத்தோலிக்கர் அல்லர். எனினும் நம் அறநெறி நூல்களும் இதே திசையில்தான் சென்றன. வயது, ஆதரவு, சார்ந்திருப்போர் என்னும் இம்மூன்றையும் வாசகர் நினைவில் கொள்க.

இங்கிலாந்து இப்பாடத்தைக் கற்க நெடுங்காலம் ஆயிற்று. அங்கே இடைக்காலம் முதல் விசித்திரமான ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரின் சாவுக்குக் காரணமான பொருள், அது வண்டிச் சக்கரமாயினும் குதிரையாயினும், பறிமுதல் செய்யப்படும். அதன் இலத்தீன் பெயருக்குக் கடவுளுக்குக் கொடுக்கப்படவேண்டியது என்று பொருள். பிரேத விசாரணை செய்யும் ஜூரிகள் அப்பொருளின் மதிப்பைக் குறிப்பார்கள். உரியவர் அத்தொகையைக் கட்டுவார். அறப்பணிகளுக்குச் செலவிட வேண்டியது என்பது கொள்கை. நடைமுறையில் அது அரசுக்கோ, அரசிடம் அவ்வுரிமையைப் பெற்றிருந்த நிலப்பிரபுவுக்கோ சென்றது. கடவுளின் பெயரால் வாங்கிய பணத்தைப் பிரபு எடுத்துக்கொள்ள, இறந்தவரின் பிள்ளைகள் தெருவில் நின்றனர். குருவாகிய எமக்கு இதை எழுதும்போது நாணமே மேலிடுகிறது.

1808ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு மதுவிடுதிக்காரர் தம் மனைவியுடன் நெடுவழிக் குதிரை வண்டியின் மேல்தட்டில் பயணம் செய்தார். வண்டி கவிழ்ந்தது. கணவருக்கும் பலத்த கன்றல் காயங்கள். மனைவி பலத்த காயமுற்று ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். விடுதித் தொழிலில் மனைவி பெருந்துணையாக இருந்தவர். அவருடைய உழைப்பையும் தோழமையையும் இழந்ததற்காகவும் தம் மனத்துயருக்காகவும் கணவர் ஈடு கேட்டார். தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு தந்த விடை இது: குடிமை நீதிமன்றத்தில் மனிதரின் சாவைத் தீங்கென்று முறையிட இயலாது, ஆகவே விபத்து நடந்த நாள் முதல் மனைவி இறந்த நொடி வரைக்குமே ஈடு. ஜூரிகள் நூறு பவுன் கொடுத்தனர்.

இதன் பொருளைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். அந்தப் பெண் முடமாகி நாற்பது ஆண்டு வாழ்ந்திருந்தால் வண்டிக்காரர்கள் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருக்கும். இறந்தது அவர்களுக்கு இலாபமாயிற்று. காயப்படுத்துவதைவிடக் கொன்றுவிடுவது மலிவு என்னும் நிலையைச் சட்டமே உண்டாக்கிவிட்டது. உயிர் விலைமதிப்பற்றது என்ற உரோமையர் கோட்பாடும், சாவை முறையிட இயலாது என்ற எல்லன்பரோவின் கூற்றும் வெவ்வேறு வாயில்களில் நுழைந்து ஒரே அறைக்குத்தான் வந்து சேர்கின்றன. அங்கே தவறு செய்தவர் வசதியாக அமர்ந்திருக்கிறார்.

அந்த வழக்கின் குறிப்பை எழுதி அச்சிட்டவர் ஜான் காம்பெல் என்ற இளம் வழக்கறிஞர், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அவர் பிறந்த நாட்டுச் சட்டமோ இறந்தவரின் நெருங்கிய உறவினர் ஈடு கேட்பதை ஏற்றுக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றபின், பிரபுவாக உயர்ந்திருந்த இதே காம்பெல்லின் முயற்சியால்தான் இங்கிலாந்தின் 1846ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டம் நிறைவேறியது.

இடையில் நிகழ்ந்தது இரயில். 1841 டிசம்பர் 24 அதிகாலையில் சோனிங் என்னுமிடத்தில் மழையால் சரிந்த மண்மேட்டில் ஒரு சரக்கு இரயில் மோதியது. எஞ்சினை அடுத்துக் கூரையில்லாத பெட்டிகளில் ஏழைப் பயணிகள் அமர்த்தப்பட்டிருந்தனர். இலண்டனில் கட்டட வேலை செய்துவிட்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் திரும்பியவர்கள் பலர். அவ்விடத்திலேயே எட்டுப் பேர் மாண்டனர். கொன்ற பொருளாகிய எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் ஜூரிகள் ஆயிரம் பவுன் மதிப்புக் குறித்தனர். பழைய வழக்கப்படி அதில் ஒரு காசும் குடும்பங்களுக்கு உரியதன்று. இத்தகைய தீர்ப்புகள் பெருகவே இரயில் முதலாளிகள் கலங்கினர். 1846இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களைச் சேர்த்தே இயற்றியது: ஒன்று கடவுளின் பெயரால் வாங்கிய அந்தப் பறிமுதலை ஒழித்தது, மற்றொன்று மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் பொருட்டு வழக்காடும் உரிமையைத் தந்தது. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்குள், 1852இல், கண்ணீருக்கு ஈடு இல்லை, வருமான இழப்புக்கே ஈடு என்று நீதிமன்றம் அதன் எல்லையைக் குறுக்கியது. துயருக்கென்று தனித் தொகையை அந்நாட்டுச் சட்டம் ஏற்க 1982 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு இந்தச் சட்டம் இரயிலோடு சேர்ந்தே வந்தது எனலாம். 1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதல் பயணி வண்டி ஓடியது; 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு நம் தென்னாட்டின் முதல் வண்டி புறப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையில் 1855இல் இந்திய உயிரிழப்பு விபத்துச் சட்டம் பதின்மூன்றாம் எண் சட்டமாக வந்தது. ஆங்கிலேயரின் குடும்ப அமைப்பை அப்படியே இங்கும் கொணர்ந்ததால் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்போர் அதில் இடம்பெறவில்லை. தங்கையரைக் கரையேற்றுவதற்காகவே மணம் செய்யாது உழைத்து மடிந்த அண்ணன்மாரை நம் பங்குகளில் காணாதவர் உண்டோ? 1987இல்தான் உச்ச நீதிமன்றம் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், நம் நாட்டுக் குடும்பத்தில் உடன்பிறந்தாரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்கின்றனர் என்று கூறி, சாலை விபத்து வழக்குகளில் அவர்களுக்கும் வாயிலைத் திறந்துவிட்டது.

பழைய சட்டத்தின் தாமதத்துக்குத் தமிழகத்து எடுத்துக்காட்டு ஒன்று போதும். 1947 செப்டம்பரில் தாராபுரம் – பழனி வழித்தடத்தில் ஒரு பேருந்து விபத்துக்குள்ளாகி அதில் பயணம் செய்த ஒருவர் மூன்று நாளில் இறந்தார். அவருடைய குடும்பத்தார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1961 ஏப்ரலில் முடிந்தது. குடும்பத்தார் இழந்த ஆதரவு வேறு, இறந்தவரே இழந்த வாழ்வின் எதிர்பார்ப்பு வேறு, இரண்டையும் கேட்கலாம், ஒன்றையே இருமுறை கணக்கிடலாகாது என்ற கோட்பாடு அத்தீர்ப்பால் நிலைபெற்றது. சட்ட மாணவர்க்கு அது பொன்னான தீர்ப்பு. அக்குடும்பத்துக்கோ இடையில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

தொழிலாளர் பொருட்டு 1923ஆம் ஆண்டுச் சட்டமும், சாலை விபத்துகளுக்கென 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனித் தீர்ப்பாயங்களும் வந்தபின் வழி ஓரளவு எளிதாயிற்று. யாருடைய தவறு என்று மெய்ப்பிக்காமலே ஒரு தொகை பெறும் முறை 1982இல் பதினைந்தாயிரம் ரூபாயுடன் தொடங்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஐந்து இலட்சமாக்கியிருக்கிறது. நேர்ந்த தவறை மெய்ப்பித்து முழு ஈடு கேட்க விழைவோர் தீர்ப்பாயத்தில் தனி மனுச் செய்யவேண்டும்.

முழு ஈட்டை எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதை நம் மக்கள் அறியாதிருப்பதால் தரகர்கள் கொழுக்கின்றனர். ஆகவே சற்று விரித்துரைப்போம். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறை இது. முப்பத்தெட்டு வயதுள்ள தச்சர் ஒருவர் மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் ஈட்டியவர் என்று கொள்வோம். மனைவி, இரு பிள்ளைகள், முதிய தாய் ஆகிய நால்வர் அவரைச் சார்ந்திருந்தனர். நாற்பதுக்கு உட்பட்டவர், சொந்தத் தொழில் செய்தவர் ஆதலால் வருங்கால உயர்வுக்காக நாற்பது விழுக்காடு கூட்டவேண்டும். மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000 ஆகிறது. அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. அவருடைய வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆக 28,35,000 ரூபாய். இதற்கு மேல் அடக்கச் செலவு முதலிய சில சிறு தொகைகள் சேரும். இரண்டு இலட்சம் வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையொப்பமிடச் சொல்லும் இடைத்தரகர் எவ்வளவைக் கவர்ந்துகொள்கிறார் என்பது இதனால் விளங்கும்.

வயது, ஆதரவு, சார்ந்திருப்போர். கிரோசியசின் கணக்கேதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெருங்குறை உண்டு. ஊதியம் பெற்றவரின் உயிர் கனக்கும். பெறாதவரின் உயிர் இலேசாகும். அடுப்படியில் நாள் முழுதும் நிற்கும் தாய்க்கு எந்தப் பெருக்கெண்ணை எதனோடு பெருக்குவது? 1808இல் மதுவிடுதிக்காரர் மனைவியின் உழைப்பைக் குறிப்பிட்டுத்தான் வழக்காடினார். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் அட்டவணை ஒன்றோ, வருமானம் இல்லாத மனைவியின் மதிப்பைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒன்று என்று வைத்திருந்தது. 1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில் ஓர் எஃகு ஆலையின் நிறுவனர் நாள் விழாவில் தீப்பற்றி அறுபது பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அவ்வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் பணிக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் என்று மதிப்பிட்டது. தொகை சிறிதே, ஆயினும் கணவர் வருமானத்தைப் பாராமல் அவளுடைய பணியையே மதிப்பிட்டார்களே, அது பெரிது. 2010இல் மற்றொரு தீர்ப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசியரைப் பிச்சையெடுப்போருடனும் சிறைக்கைதிகளுடனும் ஒரே வரிசையில் உழைப்பற்றோராகக் காட்டியதைக் கடிந்துகொண்டது. 2021 சனவரியில் வந்த தீர்ப்பு, ஊதியமில்லா வீட்டு வேலையில் நம் நாட்டுப் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுகின்றனர் என்ற அரசின் ஆய்வை எடுத்துக்காட்டியது. மகனாயினும் மகளாயினும் சட்டம் ஒன்றே என்ற பழைய வசனத்தின் திசையில் நீதிமன்றங்கள் மெல்ல நடக்கின்றன என்றே எமக்குத் தோன்றுகிறது.

பணம் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. தமிழர் மரபில் அநியாயச் சாவுக்காக அரசவை ஏறிய முதல் வழக்காளியாகக் கண்ணகியைச் சொல்லலாம். விசாரணையின்றிக் கொல்லப்பட்ட கணவனுக்காக அவள் பாண்டியனிடம் பொன் கேட்கவில்லை. சிலம்பை உடைத்துக் காட்டி, தவறு யாருடையது என்பதை அவையறியச் செய்தாள். இன்றும் தீர்ப்பாயத்துக்கு வரும் குடும்பங்கள் பலவற்றின் நெஞ்சில் இருப்பது இதுவே. "அவர் குடித்துவிட்டு ஓட்டவில்லை, எதிரே வந்த லாரிதான் தவறான பக்கம் வந்தது" என்று ஒரு நீதிபதி தாளில் எழுதித் தரவேண்டும் என்பதற்காகவே பல ஆண்டுகள் அலைவோரை நாம் அறிவோம். தவறை மெய்ப்பிக்காமல் பெறும் தொகை பசியைத் தணிக்கும். இறந்தவரின் பெயரைக் காக்காது.

கொன்றது அரசாகவே இருந்தால்? 1987 டிசம்பரில் ஒரிசா மாநிலத்தில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரைக் காவலர் வீட்டிலிருந்து அழைத்துச் சென்றனர். மறுநாள் அவருடைய உடல் இரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தப்பியோடி இரயிலில் அடிபட்டார் என்றது காவல் துறை. அவருடைய தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே நீதிமன்றம் மனுவாக ஏற்று, மாவட்ட நீதிபதியைக் கொண்டு விசாரித்தது. காவலில் அடித்ததாலேயே அவர் இறந்தார் என்பது வெளிப்பட்டது. 1993 மார்ச்சில் நீலாபதி பெஹெரா வழக்கு என்று பெயர்பெற்ற அத்தீர்ப்பில், அரசு தன் இறையாண்மையைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று கூறி அத்தாய்க்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிடப்பட்டது. தொகையைக் காட்டிலும் உண்மை எழுத்தில் வந்ததே பெரிது. ஒரு தபால்தலையின் செலவில் தொடங்கிய வழக்கு அது.

போபால் மக்களுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. 1984 டிசம்பர் நச்சுவாயுச் சாவுகளுக்கு வழக்காடும் உரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசே ஏற்றுக்கொண்டது; 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடும் செய்துகொண்டது. துயருற்றோரின் கருத்தைக் கேட்ட பின்னர் அன்று. ஈடு போதாது என்ற முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் தள்ளுபடி செய்தது. இதைப் பற்றி எழுதப் புகுந்தால் கட்டுரை வேறாகிவிடும்.

1808இல் அந்தக் கணவர் கேட்டு மறுக்கப்பட்ட தோழமை இழப்பை நம் உச்ச நீதிமன்றம் இன்று ஏற்கிறது. 2018இல் வந்த தீர்ப்பு, கணவன் மனைவியர்க்கு மட்டுமன்றிப் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் அவ்விழப்பு உண்டு என்றது. அதற்கென வழங்கும் நாற்பதாயிரம் ரூபாய், மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு உயரும் என்பது 2017இல் செய்த ஏற்பாடு. நாற்பதாயிரத்துக்கு ஒரு பிள்ளை ஈடாகுமா என்று கேட்போர்க்கு அக்குவினாசு முன்பே விடையிறுத்துவிட்டார்.

தயங்கி நிற்போர் ஒன்றைக் கருதவேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சாலை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்கிறது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. அதை நம்பி நாளைக் கடத்துவது அறிவுடைமையன்று. முதல் தகவல் அறிக்கையின் படி, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், வருமானத்துக்கான சான்று ஆகியவற்றை உடனே திரட்டத் தொடங்கவேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

வயதுச் சான்றும் தேவை. குடும்ப அட்டைகளில் வயது தாறுமாறாக எழுதப்பட்டிருப்பது யாவரும் அறிந்ததே. மேலே சொன்ன தச்சரின் வயது அட்டையில் நாற்பத்தொன்று என்றிருந்தால் பெருக்கெண் 14 ஆகும், வருங்கால உயர்வு இருபத்தைந்து விழுக்காடாகக் குறையும். ஈடு 23,62,500க்கு இறங்கிவிடும். 4,72,500 ரூபாய் வேறுபாடு. பள்ளி செல்லாத பலருக்குத் திருமுழுக்குப் பதிவேடு ஒன்றே பிறந்த நாளைச் சரியாகக் காட்டுகிறது. இதன்பொருட்டுச் சான்றிதழ் கேட்டு வருவோரை ஞாயிறு வரை காக்கவைக்காமல், அன்றே பதிவேட்டைப் பார்த்து எழுதி எம் கையொப்பத்துக்குக் கொண்டுவருமாறு உபதேசியாரிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.